பாளையங்கோட்டை பேஸ்

மார்ச் 5, வியாழன். பாளையங்கோட்டை.

லில்லி இந்த டைரியைக் கையில் கொடுத்து, "எழுதிப் பழகுங்க. நாளப்பின்ன எழுதிக் காட்டித்தான பேசணும்?" என்றாள். நாற்பது வருஷம் குடும்பம் நடத்திய மனுஷி பேசுகிற பேச்சா இது? வாங்கி மேசையில் வீசினேன். சாப்பிட்டு முடித்துத் திரும்ப எடுத்துக்கொண்டேன். நல்ல தாள், வீணாகப் போவானேன்.

விஷயம் இதுதான். தொண்டையில் கட்டி. மருந்து, கரண்டு வைப்பது எல்லாம் இதற்குப் போதாது, குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்கிறார் வேலூர் டாக்டர். மார்ச் 24 தேதி கொடுத்திருக்கிறார். எடுத்தால் உயிர் நிற்கும், சத்தம் போய்விடும். கழுத்தில் ஒரு ஓட்டை போட்டு, அதன் வழியாகத்தான் மூச்சு. லில்லி அங்கேயே சரி என்று தலையாட்டிவிட்டாள். நான், "யோசிச்சுச் சொல்லுதேன்" என்றேன். யார் தொண்டை, யார் சரி சொல்வது?

ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டையர் ஆனவன் நான். ஞானதுரை என்றால் பாதிப் பேருக்குத் தெரியாது. 'பேஸ் பாடுற கார்டு' என்றால் எல்லாருக்கும் தெரியும். சர்ச்சில் பாடுகிற கொயரில் நாலு குரல் உண்டல்லவா, அதில் அடியில் கிடக்கிற கனத்த குரல்தான் பேஸ். கட்டடத்துக்கு அஸ்திவாரம் மாதிரி. இதை நான் சொல்லவில்லை, எங்கள் சர்ச் ஐயரே பிரசங்கத்தில் சொன்னார்.

ஐரோப்பாப் பயணம் கட்டி தெரிவதற்கு முன்பே முடிவானது. மகள் ப்ரிசில்லா லைப்சிக்கில் வேலை பார்க்கிறாள். அங்கே ஒரு பழைய சர்ச்சில், பாடத் தெரிந்த யாரும் வந்து சேர்ந்து பாடலாம் என்று வருஷாவருஷம் ஒரு கச்சேரி வைக்கிறார்களாம். வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் ஒத்திகை, ஞாயிற்றுக்கிழமை முழு ஆர்க்கெஸ்ட்ராவோடு கச்சேரி. பாடப் போவது, ஈஸ்டருக்கு எங்கள் கொயர் பாடும் அதே பெரிய கோரஸ். என் பெயரைக் கொடுத்துவிட்டாள். வாலிபத்திலிருந்து ஒவ்வொரு ஈஸ்டருக்கும் காற்று ஒழுகும் ஆர்கனோடு அதைப் பாடியிருக்கிறேன். ஒரே ஒரு தடவை வயலினும் டிரம்பெட்டும் சுற்றி நிற்கப் பாடிவிட வேண்டும். டாக்டர், "போங்க, ஆனா கத்தாதீங்க. இருபதுக்குள்ள வந்துருங்க" என்றார்.

திரும்பி வந்து அட்மிட் ஆவதைப் பற்றி லில்லி பேசினாள். பெட்டிக்குப் பூட்டு சரியில்லை என்று நான் பேசினேன்.

மார்ச் 8, ஞாயிறு. வியன்னா.

குளிர் என்றால் அப்படி ஒரு குளிர். லில்லி சேலைக்குள், ப்ரிசில்லா ஊரில் விட்டுப்போன பேன்ட் ஒன்றைப் போட்டுக்கொண்டு நடக்கிறாள். சிரித்தேன். "ஒங்க மங்கி குல்லாவக் கண்ணாடில பாத்தியளா?" என்று கேட்டாள். குல்லாவை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டேன்.

காலையில் ஓவிய மியூசியம். ஒரு கூடம் முழுக்க ஒரே ஆள் வரைந்த படங்கள். ஒன்றில், பனியில் வேட்டைக்குப் போனவர்கள் நாய்களோடு திரும்பி வருகிறார்கள். இவ்வளவு பேர் போய் ஒரே ஒரு நரிதான் கிடைத்திருக்கிறது. நாய்களின் முதுகைப் பார்த்தாலே களைப்பு தெரிகிறது. தூரத்தில் கீழே குளம் உறைந்து கிடக்கிறது, அதில் பொடிப்பொடியாய் ஜனம் விளையாடுகிறது. படத்துக்குள் ஒரு சத்தமும் இல்லை. பனி பெய்தால் சத்தத்தை அமுக்கிவிடும் என்று ப்ரிசில்லா போனில் சொல்லியிருந்தாள். அந்த ஓவியன் அதையும் சேர்த்து வரைந்திருக்கிறான், மகராசன். அரைமணி நேரம் நின்றேன். லில்லிக்கு முட்டி வலித்ததால் கிளம்பினோம்.

சாயங்காலம் ஆபெரா. உட்கார்ந்து பார்க்கிற டிக்கெட் நம் கைக்கு எட்டாது. நின்று பார்க்க ஒரு இடம் உண்டு, அதற்குக் க்யூ. உள்ளே போனதும் எல்லாரும் ஓடி ஓடிக் கம்பியில் ஆளுக்கொரு ஸ்கார்ஃபைக் கட்டுகிறார்கள். கட்டிவிட்டால் அந்த இடம் நம்முடையது, வெளியே போய்க் காப்பி குடித்துவிட்டு வரலாம். அட, இது நம் ஊர் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டுச் சீட் பிடிக்கிற வேலைதானே! லில்லி என் தேங்காய்ப்பூத் துண்டை எடுத்துக் கம்பியில் இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினாள். பக்கத்திலிருந்த வெள்ளைக்காரப் பெண் அதைத் தொட்டுப் பார்த்து, ரொம்ப நல்ல துணி என்றாள்.

கதை ஒன்றும் புரியவில்லை. ஆனால் ஒரு பேஸ் பாடகர் வந்தார், பாருங்கள். வில்லன் போலிருக்கிறது. வாயைத் திறந்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மைக் கிடையாது, ஒன்றும் கிடையாது. மேலே கூரையை ஒட்டி நின்றிருந்த எங்களுக்கு ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. என்னை அறியாமல் "ஆகா" என்று சொல்லிவிட்டேன். நாலு பேர் திரும்பி முறைத்தார்கள். முறைக்கட்டும். நல்லதை நல்லது என்று சொல்லக் கூடாதா?

மார்ச் 9, திங்கள். வியன்னா.

இருமல். இரண்டு தடவை துப்பினதில் சிவப்பு. லில்லி பார்க்கவில்லை.

மார்ச் 11, புதன். ப்ராக்.

ரயில் நாற்பது நிமிஷம் லேட். ஐரோப்பா ரயில் ஐரோப்பா ரயில் என்று பெருமை அடிக்கிறவர்களை எல்லாம் அந்த பிளாட்பாரத்தில் நிற்க வைக்க வேண்டும். எங்கள் செங்கோட்டை பாசஞ்சரே தேவலை. ஆனாலும் கார்டு அம்மாள் விசில் ஊதின முறை சுத்தமாக இருந்தது.

தெருவுக்குத் தெரு பொய்முடி வைத்த பையன்கள், ராஜா காலத்துக் கோட்டு மாட்டிக்கொண்டு, கச்சேரி டிக்கெட் விற்கிறார்கள். லில்லி ஒருவனிடம் பேரம் பேசி ஜெயித்துவிட்டாள். குற்றாலத்தில் பழம் வாங்குகிற மாதிரி இரண்டு தடவை நடந்து போய்த் திரும்பி வந்தாள். அவனுக்கு அந்த வித்தை தெரியவில்லை, பாவம்.

ஆர்கன் கச்சேரி. சர்ச்சுக்குள் வெளியே இருப்பதை விடக் குளிர். அந்த மனுஷர் காலால் அடிக்கட்டையை மிதித்தபோது ஒரு சுரம் வந்தது. அது காதுக்கு வரவில்லை, உட்கார்ந்திருந்த பெஞ்சு வழியாக முதுகெலும்புக்கு வந்தது. பெஞ்சில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், மரம் நடுங்கியது. லில்லியின் கையையும் பிடித்து வைத்தேன். "எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு" என்று சிரித்தாள். கல்யாணமான புதிதில் சிரித்த சிரிப்பு. கையை எடுக்கவில்லை.

வெளியே வந்ததும், "இருபத்தி நாலுக்கு வாரோம்னு வேலூருக்கு ஒரு போன் போட்ருவமா?" என்றாள். அவ்வளவு நேரம் நன்றாகத்தானே இருந்தாய், அதற்குள் என்ன? "ஏட்டி, சூப் குடிப்பம் வா" என்றேன்.

மார்ச் 12, வியாழன். ட்ரெஸ்டன்.

இங்கே இறங்கியது லில்லிக்காக. ப்ரிசில்லா அனுப்பிய ஒரு படத்தைப் போனில் பார்த்து, அதை நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். ஒரு வேலைக்காரப் பெண் தட்டில் ஒரு கப்பும் ஒரு டம்ளர் தண்ணீரும் ஏந்தி நடக்கிறாள். அவ்வளவுதான் படம். ராஜா இல்லை, சண்டை இல்லை.

"தண்ணி தளும்பல பாருங்க. எவ்ளோ கவனமா வாரா. யாருக்கோ கொண்டு போறா, அவிய முழுச்சிருக்காவளோ என்னமோன்னு நெனச்சிக்கிட்டே போறா." இப்படிச் சொல்லிவிட்டு அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். நான் மற்ற அறைகளையெல்லாம் சுற்றிவிட்டு வந்தபோதும் அதே இடத்தில்தான் இருந்தாள். கண் சிவந்திருந்தது.

"என்னட்டி?"

"ஒண்ணுமில்ல. நான் கொண்டு வந்தா நீங்க குடிக்கணும். குடிக்க மாட்டேன்னு நீங்க முடிவு பண்ணிட்டிய. எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காதிய."

அவள் பையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தேன். இதற்கு என் பதிலை இங்கே எழுதி வைக்கப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை பாடி முடிக்கட்டும், மற்றதெல்லாம் அப்புறம்.

மார்ச் 13, வெள்ளி. லைப்சிக்.

இன்று நடந்ததை விலாவாரியாக எழுத வேண்டும்.

ப்ரிசில்லா ஸ்டேஷனுக்கு வந்து கட்டிப்பிடித்துக்கொண்டாள். என் கழுத்தைப் பார்க்கவே கூடாது என்று முன்னாலேயே தீர்மானித்து வந்திருப்பாள் போல, என் நெற்றியைப் பார்த்தே பேசினாள். நல்ல பிள்ளை.

ஒத்திகை சர்ச் ஹாலில். நூற்றுக்கு மேல் ஜனம். கோலை ஆட்டிப் பாட வைக்கிற கண்டக்டர் ஒரு அம்மாள், ஹன்னெலோரே என்று பெயர், குட்டையான உருவம், குரல் மட்டும் ஸ்டேஷன் மாஸ்டர் குரல். எல்லாரிடமும் கோடு போட்டுப் புள்ளி புள்ளியாய்ச் சுரம் எழுதின நோட்டுப் புஸ்தகம். எனக்கு அது படிக்க வராது. எங்கள் ஊரில் டோ ரே மி என்று எழுத்தாக எழுதி வைத்த சால்ஃபாதான். அந்தக் கிழிந்த காகிதத்தை எடுத்ததும் பக்கத்தில் நின்ற பேஸ்காரர் ஆச்சரியமாகப் பார்த்தார். பெயர் டீட்டர், ட்ராம் ஓட்டி ரிட்டையர் ஆனவர். நானும் வண்டிக்காரன்தான் என்று கையைக் காட்டிச் சொன்னேன். அதோடு இரண்டு பேரும் ஒரே கட்சி.

ஆரம்பித்தோம். ஐயோ, அதை எப்படிச் சொல்ல! நாலு பக்கமும் சத்தம் எழும்புகிறது. சோப்ரானோ மேலே, எங்கள் பேஸ் கீழே. எங்கள் கொயரில் பேஸ் என்றால் நானும் இரண்டு பையன்களும்தான். இங்கே முப்பது பேர். ஆற்றில் இறங்கி நிற்பது போலிருந்தது. என் குரலில் கரகரப்பு இருந்தாலும் அடியில் நின்றது, ஓடிப்போகவில்லை. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

கடைசிப் பக்கத்துக்கு வந்தோம். முழு வேகத்தில் போய், கடைசி வரிக்கு முன்னால் அந்தப் பெரிய சுரம். எல்லாரும் பாடினார்கள், சட்டென்று நிறுத்தினார்கள். நான் நிறுத்தவில்லை.

நிறுத்துவதாவது! அந்த இடத்தில் பேஸ் இழுத்துப் பிடிக்க வேண்டும், அதுதான் பேஸுடைய இடம். நெஞ்சை நிமிர்த்தி, கண்ணை மூடி, நிதானமாகப் பிடித்தேன். கண்ணைத் திறந்தால் ஹால் முழுக்க என்னையே பார்க்கிறது. என் ஒருவன் சத்தம் மட்டும் கேட்கிறது. டீட்டர் நோட்டில் ஒரு இடத்தை விரலால் காட்டினார். அங்கே ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. மௌனம்.

ஹன்னெலோரே அம்மாள் கோலைக் கீழே வைத்தார். எந்தப் பதிப்பிலிருந்து பாடுகிறீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டார். "பாளையங்கோட்டை" என்றேன். அப்புறம்தான் எனக்கே விளங்கியது, விளங்கினதும் வியர்த்துவிட்டது.

எங்கள் சபையார் பாட்டு முடிந்தது என்று நினைத்தால் உடனே "ஆமென்" சொல்லித் திடுதிடுவென்று உட்கார்ந்துவிடுவார்கள். பிள்ளைகள் அழ ஆரம்பிக்கும், பெஞ்சு கிறீச்சிடும், கடைசி வரி அந்தக் கூப்பாட்டில் காணாமல் போகும். இதற்குப் பயந்து அந்தக் காலத்துக் கொயர் மாஸ்டர் யாரோ, பேஸை மட்டும் நிறுத்தாமல் இழுக்கச் சொல்லியிருக்கிறார். 'இன்னும் முடியல, நில்லுங்கலே' என்று சபைக்குச் சொல்கிற சத்தம் அது. அதையே சால்ஃபாவிலும் எழுதிவிட்டார்கள். நான் இத்தனை வருஷமாக அதை இசையமைத்தவரே எழுதினது என்று நம்பிப் பாடியிருக்கிறேன்.

ப்ரிசில்லாவை விட்டு இதை மொழிபெயர்க்கச் சொன்னேன். சொல்லி முடித்ததும் ஹாலே சிரித்தது. கேலிச் சிரிப்பு இல்லை. அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு முறை பாடிக் காட்டுங்கள், நாங்கள் எல்லாரும் கேட்க வேண்டும்" என்றார். பாடினேன். டெனர்காரர்கள் பின்னாலிருந்து இன்னும் ஒரு தரம் என்றார்கள். இந்தத் தடவை அடிவயிற்றிலிருந்து எடுத்து, ஜன்னல் கண்ணாடி அதிரப் பிடித்தேன். கைதட்டல்! மூன்றாவது தடவையும் பாடினேன்.

லில்லி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவள் மட்டும் கைதட்டவில்லை.

மார்ச் 14, சனி. லைப்சிக்.

எழுந்து 'காப்பி' என்று கூப்பிட்டேன். காற்றுதான் வந்தது.

வெந்நீர், உப்பு, தேன், ஆவி. மத்தியானம் வரை ஒன்றும் நடக்கவில்லை. கஷ்டப்பட்டால் தகரத்தைச் சிமெண்டில் இழுக்கிற மாதிரி ஒரு சத்தம். கத்தாதே என்று டாக்டர் சொன்னார். கத்தினேன். அதுவும், பாட்டில் இல்லாத ஒரு சுரத்துக்காக. வேறு யாராவது இதைச் செய்திருந்தால் கூமுட்டை என்று ஏசியிருப்பேன்.

லில்லி ஏசவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. கடைசியில் நானே எழுதிக் காட்டினேன்: 'ஏசித் தொலை.' அவள் படித்துவிட்டு, "மருந்தக் குடிங்க" என்றாள்.

ப்ரிசில்லா மெதுவாக ஆரம்பித்தாள். "அப்பா, நாளைக்கு நாம கீழ உக்காந்து கேப்போமா? அம்மா கூட. அவங்க தப்பா எடுத்துக்க மாட்டாங்க."

முடியாது என்று தலையாட்டினேன். பேரைக் கொடுத்திருக்கிறேன். கறுப்புக் கோட்டு ஊரிலிருந்து சுமந்து வந்திருக்கிறேன். சத்தம் வந்தால் பாடுவேன், வராவிட்டால் நிற்பேன். வண்டி ஓடாவிட்டாலும் கார்டு இறங்கிப் போய்விட முடியாது.

சாயங்கால ஒத்திகைக்குப் போய் வாயை மூடி நின்றேன். டீட்டர் பாக்கெட்டிலிருந்து கறுப்பு மிட்டாய் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். தார் டின்னை நக்கின மாதிரி இருந்தது. மரியாதைக்காக விழுங்கினேன்.

மார்ச் 15, ஞாயிறு. லைப்சிக்.

காலையில் கொஞ்சம் குரல் திரும்பியிருந்தது. யாரிடமும் சொல்லாமல் பொத்திப் பொத்தி வைத்துக்கொண்டேன்.

ஐந்து மணிக்குக் கச்சேரி. வெள்ளை அடித்த உயரமான தூண்கள், அதன் மேலே ஆர்கன். லில்லி மூன்றாவது வரிசையில், பச்சைப் பட்டுச் சேலை, மேலே ப்ரிசில்லாவின் கோட்டு. டிரம்பெட் ஊதினதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. முதல் பக்கம் பாடினேன். சத்தியமாகப் பாடினேன்! என் குரல் டிரம்பெட்டுக்கு அடியில் போய் உட்கார்ந்ததை நானே கேட்டேன். இதற்காகத்தான் இத்தனை தூரம் வந்தது. வந்தது வீண் இல்லை.

இரண்டாம் பக்கத்தில் குரல் நின்றுவிட்டது. விக்கவில்லை, உடையவில்லை, ஒரு வார்த்தைக்கும் அடுத்ததற்கும் நடுவில் இல்லாமல் போனது. திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. டீட்டர் ஒரு கண்ணால் பார்த்துவிட்டுத் தன் சத்தத்தைக் கூட்டினார். முப்பது பேர் பேஸ் போய்க்கொண்டே இருந்தது. நான் நின்றால் பாட்டு நிற்கும் என்று நான் நினைத்திருந்தேனோ என்னவோ. நிற்கவில்லை. கோபம் வந்தது. இறங்கி ஓடிவிடலாமா என்றிருந்தது. ஓடவில்லை. ஒவ்வொரு வார்த்தைக்கும் வாயசைத்து, மூச்சு எடுக்க வேண்டிய இடத்தில் எடுத்து, விட வேண்டிய இடத்தில் விட்டு, கடைசி வரை நின்றேன். அந்த நிறுத்தம் வந்தது. எல்லாரும் நிறுத்தினார்கள். ஒருவரும் உட்காரவில்லை, ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. அப்புறம் கடைசி வரி வந்தது.

முடிந்து ட்ராமுக்கு நடந்தோம். ப்ரிசில்லா முன்னால் போனாள். லில்லி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா பாடுனிய. ஒங்க சத்தம் எனக்குத் தனியாக் கேட்டுச்சு" என்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. நின்றேன். காற்றும் கரகரப்புமாக அவள் காதுக்குப் பக்கத்தில் சொன்னேன்: "பொய் சொல்லாதட்டி. ரெண்டாம் பக்கத்துலேருந்து நான் பாடவே இல்ல."

"தெரியும்."

"பொறவு என்னத்தக் கேட்ட?"

"கேக்கல. ஒங்க நெஞ்சத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். எல்லாரும் மூச்சு எடுக்கையில நீங்களும் எடுத்திய, விடையில விட்டிய. ஒரு எடம் தப்பல. எனக்கு அது போதும்ங்க." அவள் குரலும் போய்விட்டது. மூக்கைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, "சத்தம் யாருக்கு வேணும்? நாப்பது வருசமா என்னைய ஏசத்தான செஞ்சுது. எனக்கு மூச்சு வேணும். எந்த ஓட்ட வழியா வந்தா எனக்கென்ன?" என்றாள்.

நடுரோட்டில், அந்தக் குளிரில், இரண்டு கிழடுகளும் நின்று அழுதோம். ஒரு ட்ராம் போய்விட்டது. ப்ரிசில்லா திரும்பிப் பார்த்துவிட்டு, போனை நோண்டுகிற மாதிரி நின்றாள்.

"வேலூருக்குப் போன் போடு" என்றேன்.

"அங்க இப்ப எல்லாரும் தூங்கிருப்பாவ."

"அப்ப காலைல."

மார்ச் 16, திங்கள். லைப்சிக்.

லில்லி நம்பரைப் போட்டுக் கொடுத்தாள். தானே பேசிவிடுவதாகச் சொன்னாள். விடவில்லை, இதை நான்தான் சொல்ல வேண்டும். டாக்டர் லைனுக்கு வந்து, என்ன முடிவு பண்ணியிருக்கிறீர்கள் என்று கேட்டார். "சரி" என்றேன். அவருக்குக் கேட்கவில்லையாம், இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். எழுந்து நின்று, அடிவயிறு வரைக்கும் மூச்சை இழுத்து, "சரி டாக்டர், வாரேன்" என்றேன். கேட்டுவிட்டது.